ஜூனில் பேசிவிட்டால் அக்டோபரில் சண்டை வராது: பள்ளி விளையாட்டில் பெற்றோர், பி.டி. மாஸ்டர், பிள்ளை

பள்ளி விளையாட்டில் சண்டை எப்போது வரும் என்று நாள் குறித்தே சொல்லிவிடலாம். டீம் லிஸ்ட் வரும் அன்று வரும். காலாண்டுத் தேர்வு மார்க் வந்த அன்று வரும். வெளியூர் மேட்சுக்குப் போன வேன் ராத்திரி பத்து மணி ஆகியும் திரும்பாமல், மாஸ்டர் போனும் சுவிட்ச் ஆஃப் என்றால் கண்டிப்பாக வரும். இந்த மூன்று சண்டைக்கும் விளையாட்டுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. யாரோ ஒருவர் இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருப்பார், அது இன்றைக்கு வந்து வெடிக்கும்.

பள்ளி வாலிபால் டீம்களோடு பல வருடமாகச் சுற்றுகிறவன் நான், என் பிள்ளையையும் கிரவுண்டுக்கு அனுப்புகிறவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகள்தான் என் மனதில் இருக்கின்றன, அதிலும் பெரிய ஊர் இன்டர்நேஷனல் ஸ்கூல்களைவிட அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, சின்ன ஊர் மெட்ரிக் பள்ளி.

உங்கள் பிள்ளையின் கோச் யார்?

இதற்கே பல பெற்றோருக்குப் பதில் தெரியாது. பள்ளியில் பி.டி. மாஸ்டர் இருப்பார். மாவட்ட ஸ்டேடியத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் இருப்பார். தெருமுனையில் பீஸ் வாங்கிச் சொல்லிக்கொடுக்கும் அகாடமி கோச் ஒருவர். மூவரின் வேலையும் வேறு வேறு, மூவரிடமும் எதிர்பார்க்க வேண்டியதும் வேறு வேறு.

பி.டி. மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான். காலை அசெம்பிளி, சீருடை, முடி வெட்டாமல் வந்தவன், சுவர் ஏறிக் குதித்தவன், சுதந்திர தின அணிவகுப்பு எல்லாம் அவர் தலையில். அவர் கல்லூரியில் கபடி ஆடியிருப்பார், ஆனால் த்ரோபால், கேரம், செஸ், தடகளம் எல்லாவற்றுக்கும் டீம் தயார் செய்து கூட்டிக்கொண்டு போக வேண்டியது அவர்தான். ஆகவே உங்கள் பெண்ணுக்கு ஈட்டி எறிதலின் நுணுக்கம் அவரிடம் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. "சார், உங்க மெயின் கேம் என்ன?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. பேச்சு அங்கேயே இளகிவிடும், அவரால் எதைத் தர முடியும், எதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பல பெற்றோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகளுக்குப் பள்ளி வழியாக மட்டும்தான் பெயர் போகும். பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி என்று படிப்படியாக ஏறும் வழி அது. வயதுப் பிரிவு 14, 17, 19. அகாடமி கோச் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த ஏணியில் அவரால் உங்கள் பிள்ளையை ஏற்றிவிட முடியாது. அவருக்காகப் பள்ளி மாஸ்டரைப் பகைத்துக்கொண்ட குடும்பங்கள் இதை ஆகஸ்ட் மாதம்தான் உணர்கின்றன. அதே மாதிரி அந்தந்த விளையாட்டின் சங்கம் நடத்தும் மாவட்டப் போட்டி, ஸ்டேட் செலக்‌ஷன் போன்றவற்றில் கிளப், மாவட்டக் கழகம் என்று வழி வேறு. எந்தப் போட்டிக்கு யார் வழியாகப் போக வேண்டும் என்று முதலிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதப் பேச்சு

பள்ளி திறந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெற்றோரும் கோச்சும் ஒரு தடவை நேரில் பேசிவிட வேண்டும். கால் மணி நேரம் போதும். குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதால் அதற்குப் பிறகு மாஸ்டருக்கு உட்காரவே நேரம் இருக்காது.

வேலைக்குப் போகிற பெற்றோருக்குப் பள்ளி நேரத்தில் வருவது கஷ்டம், தெரியும். பிள்ளையைக் காலை பிராக்டிஸுக்கு விடும்போது பிடித்துவிடலாம், இல்லையென்றால் போனில். அப்பா மட்டும் பேசிவிட்டு அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதும் கூடாது. பிள்ளையை அஞ்சு மணிக்கு எழுப்பி அனுப்புகிறவர் பெரும்பாலும் அம்மாதான், முழு விவரம் தெரிய வேண்டியது அவருக்கு.

என்ன பேசுவது? பெற்றோர் சொல்ல வேண்டியதில் முதலாவது உடம்பு. வீசிங் இருக்கிறதா, இன்ஹேலர் பையில் எந்த ஜிப்பில் இருக்கும், வலிப்பு வந்த வரலாறு உண்டா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இதை மறைக்கிற பெற்றோர் உண்டு, சொன்னால் டீமில் எடுக்க மாட்டார் என்ற பயம். வெயிலில் பிள்ளை மயங்கி விழும்போது அதே மாஸ்டர்தான் பக்கத்தில் இருப்பார், அவருக்குக் காரணம் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தது சாப்பாடு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து ரவுண்டு ஓடுகிற பிள்ளைகள் நம் பள்ளிகளில் நிறைய, அது கோச்சுக்குத் தெரிந்தால் ஊறவைத்த கடலையோ வாழைப்பழமோ ஏற்பாடு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாவிட்டால் "என்னடா சோம்பேறி" என்று திட்டுதான் விழும். அப்புறம் வீட்டு நிலைமை: ஷூ வாங்க இந்த மாதம் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டு, பிள்ளை கிழிந்த ஷூவோடு ஓடிக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டால்தான் செலவு அதிகம்.

கோச் சொல்ல வேண்டியவை: எந்த நாள், எத்தனை மணிக்கு, மழை வந்தால் உண்டா இல்லையா, வெளியூர் போனால் வேன் செலவு யாருடையது, கூட வரும் ஆசிரியர் யார், திரும்ப லேட்டானால் யார் போன் செய்வார், டீமை எதை வைத்து எடுப்பார். கடைசி இரண்டையும் சொல்லிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கோச்சாக இருப்பவர்களுக்கு: ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச நேரமில்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தன்று பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள், அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கிரவுண்டில் தண்ணீர் இல்லை, முள் புதர் வெட்டவில்லை, பெண்கள் டீமோடு போக ஆசிரியை இல்லை என்பதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் வாயால் கேட்க வையுங்கள். நீங்கள் தனியாகத் தலைமை ஆசிரியரிடம் கேட்பதைவிட அதற்கு வலு அதிகம்.

டீம் லிஸ்ட்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஓட்டத்தில் தகராறு குறைவு. ஸ்டாப் வாட்ச் சொல்லிவிடும், யாரும் அதை எதிர்த்துப் பேச முடியாது. வாலிபால், கபடி, கோகோ, கிரிக்கெட் என்று டீம் ஆட்டத்துக்கு வந்தால்தான் "அவன் மாஸ்டருக்கு வேண்டியவன்", "அவங்க அப்பா ஜெர்சி ஸ்பான்சர் பண்ணாரு", "எங்க பையன் எந்தத் தெரு என்று பார்த்துத்தான் வெளியே உட்கார வைத்தார்கள்" என்று பேச்சு கிளம்பும். இதில் சில நேரம் உண்மையும் இருக்கும், இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். ஜாதியும் பணமும் சிபாரிசும் நம் ஊர் கிரவுண்டுக்குள் வராது என்று யாராவது சொன்னால் அவர் கிரவுண்டுக்குப் போனதில்லை என்று அர்த்தம். ஆனால் பெரும்பாலான தடவை விஷயம் அதுவாக இருப்பதில்லை. மாஸ்டர் மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பார், அதை வாய் திறந்து யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், சொல்லாத கணக்குக்கு ஊர் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளும்.

ஆகவே கோச்சுகளே, செலக்‌ஷனுக்கு முன்னாலேயே அந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். பிராக்டிஸுக்கு வந்த நாள் எவ்வளவு, உடல் தகுதி என்ன, எந்த இடத்துக்கு எத்தனை பேர் தேவை. வாலிபாலில் உயரமான பையன் நாலு பேர் இருந்தும் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் ஒருவன்தான் என்றால், அதை அடித்து இறக்கும் நல்ல ஸ்பைக்கர் ஒருவன் வெளியே உட்காருவான், அது அவன் குற்றமில்லை. இதைப் பலகையில் எழுதிப் போட்டு, அட்டெண்டன்ஸ் நோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டால் உங்களிடம் வந்து கத்துகிற ஆள் குறைந்துவிடுவார். லிஸ்டில் வராத பிள்ளையிடம் லிஸ்ட் ஒட்டுவதற்கு முன் நீங்களே தனியாகச் சொல்லிவிடுங்கள். நண்பர்கள் முன்னால் லிஸ்டில் தன் பெயரைத் தேடி இல்லாமல் நிற்கும் பிள்ளை மறுநாள் பிராக்டிஸுக்கு வருவது சந்தேகம்.

சார், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டிலிருந்து வாங்கினால் பத்து வீட்டில் பேசுவார்கள். ஜெர்சி, பந்து, நெட் எதைக் கொடுத்தாலும் பள்ளிக்கு என்று தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், ரசீதோடு.

பெற்றோருக்கு: லிஸ்ட் வந்த அன்று போன் எடுக்காதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுங்கள். மேட்ச் நாளன்று கிரவுண்டில் வைத்து இதைப் பேசவே பேசாதீர்கள். மறுநாள் போய்க் கேட்கும்போது கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். "அந்தப் பையனை ஏன் எடுத்தீங்க?" என்றால் மாஸ்டர் இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியதாகிவிடும், அவர் பேசவும் கூடாது. "எங்க பொண்ணுகிட்ட எது குறையுது சார், அடுத்த வருஷத்துக்குள்ள அதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். நேர்மையான கோச் என்றால் இதற்குக் குறிப்பாகப் பதில் சொல்வார்: சர்வீஸ் பத்துக்கு நாலு நெட்டில் போகிறது, இரண்டாவது செட்டில் மூச்சு வாங்குகிறது என்று. மழுப்பினால் அப்போது சந்தேகப்படுங்கள், தலைமை ஆசிரியரிடம் போங்கள், அது உங்கள் உரிமை.

இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆன பிள்ளை என்றால் முதலில் அவனே போய்க் கேட்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள், தேவைப்பட்டால் மட்டும் போங்கள். "சார், நான் எதுல முன்னேறணும்?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

கிரவுண்ட் ஓரம்

வேலிக்கு வெளியே நின்று "லெஃப்ட்ல போடு! லெஃப்ட்ல போடு!" என்று கத்தும் அப்பாக்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மாஸ்டர் ரைட்டில் போடச் சொல்லியிருப்பார். பையன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நெட்டில் போடுவான். கை தட்டுங்கள், பெயர் சொல்லிக் கத்துங்கள், விசில் அடியுங்கள், ஆனால் எப்படி ஆட வேண்டும் என்பது அந்த நேரத்தில் ஒருவர் வாயிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். ரெஃபரியைத் திட்டுவது அதைவிட மோசம். பள்ளி மீட்டில் ரெஃபரியாக நிற்பவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி பி.டி. மாஸ்டர், அடுத்த வாரம் உங்கள் பிள்ளையின் இன்னொரு மேட்சுக்கும் அவரே வருவார்.

கூட இருப்பது வேறு, கோச் செய்வது வேறு என்பதற்கு நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி. 2023ல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் மகன் இறுதிச்சுற்று வரை போனபோது, ஓரமாக நின்று அவனைப் பார்க்கும் அவர் படம் எல்லார் போனிலும் சுற்றியது. வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் குக்கர், அடுப்பு எல்லாம் தூக்கிக்கொண்டு போய்ச் சோறும் ரசமும் செய்து கொடுக்கிறவர் அவர். காயை எங்கே நகர்த்துவது என்பது பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷுக்கும் பிள்ளைக்கும் உள்ள விஷயம். எல்லாராலும் பாகு வரை போக முடியாதுதான், ஆனால் மாவட்ட மீட்டுக்கு ஒரு டப்பா தயிர் சாதத்தோடு போய் வாயை மூடிக்கொண்டு உட்கார எல்லாராலும் முடியும்.

தோற்ற பிறகு வீட்டுக்குத் திரும்பும் வழி ஆபத்தானது. பிள்ளையை டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே மேட்சைப் பிரேதப் பரிசோதனை செய்கிறவர்கள் உண்டு. அவனுக்குத் தெரியாததா, எந்தப் பந்தை விட்டான் என்று? "பசிக்குதா?" என்று கேளுங்கள். பரோட்டாக் கடையில் நிறுத்துங்கள். மேட்ச் பற்றி அவனே பேச்சை எடுத்தால் பேசுங்கள், எடுக்கவில்லை என்றால் அடுத்த பிராக்டிஸில் மாஸ்டர் பேசிக்கொள்வார்.

இரண்டு கோச், ஒரு முழங்கால்

காலையில் பள்ளியில் ஐந்து ரவுண்டு, சாயங்காலம் அகாடமியில் ஜம்ப் பயிற்சி. இரண்டு டாக்டரிடம் தனித்தனியாகப் போய் இருவர் கொடுத்த மாத்திரையையும் ஒரே நாளில் விழுங்குவது மாதிரிதான் இது. ஒருவர் என்ன கொடுக்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. மாஸ்டர் ஒரு ஸ்டைல் சொல்வார், அகாடமியில் வேறு. பிள்ளை யாரிடமும் "அங்கே இப்படிச் சொன்னாங்க" என்று சொல்லாது, சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

இதைத் தீர்க்க வேண்டியவர் பெற்றோர். இரண்டு கோச்சுக்கும் ஒருவர் எண்ணை மற்றவரிடம் கொடுத்து, இருவரையும் ஒரு தடவை பேச வையுங்கள். வாரத்தில் எந்த நாள் யாரிடம் என்று பிரித்துவிடுங்கள், முழு ஓய்வாக ஒரு நாளாவது இருக்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்வதும் இதுதான்: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தமாக இரண்டு மூன்று மாதம் அந்த ஒரு விளையாட்டிலிருந்து விலகி இருப்பது. தூக்கம் 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். ராத்திரி டியூஷன் முடித்துப் பதினோரு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு கிரவுண்டில் நிற்கும் பிள்ளைக்கு இது எங்கே கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகமாக வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், குதிகால் வலிக்கும். குதிக்கிற, ஓடுகிற பிள்ளைகளிடம் இது சகஜம், ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரச்சினை என்னவென்றால் பிள்ளை சொல்லாது. டீமில் இடம் போய்விடும் என்ற பயத்தில் நொண்டிக்கொண்டே ஆடும். வலி என்று சொன்னதால் யாரும் டீமிலிருந்து நீக்கப்பட மாட்டார்கள் என்று கோச் எல்லார் முன்னாலும் சொல்லி, அப்படியே நடந்தும் காட்ட வேண்டும். வலி நிவாரண ஸ்பிரே அடித்து அனுப்புவது வைத்தியம் இல்லை. ஊசி, பவுடர், "ஸ்டாமினா" மாத்திரை என்று யார் கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு வீரர்தான் பொறுப்பு, "கோச் கொடுத்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

நல்ல பி.டி. மாஸ்டருக்கு ஒரு கட்டத்தில் பிள்ளையை அடுத்தவர் கையில் ஒப்படைக்கவும் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் வலது கால் மேல் பஸ் ஏறி நசுங்கியது. காய்கறி விற்று வளர்த்தவர் அம்மா சரோஜா. உயரம் தாண்டிப் பார் என்று தூண்டியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பிறகு பெங்களூரில் பயிற்சி கொடுத்தவர் சத்தியநாராயணா. பாராலிம்பிக்ஸில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். வளர்த்ததும், கண்டுபிடித்ததும், கூர்மையாக்கியதும் வேறு வேறு ஆட்கள். "நான்தான் உருவாக்கினேன், இப்போ அகாடமிக்குப் போயிட்டான்" என்று புலம்பும் மாஸ்டர்களுக்காக இதைச் சொல்கிறேன். போகும் பெற்றோரும் சொல்லாமல் நழுவாமல், மாஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பத்தாவது, பிளஸ் டூ

மார்க் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது விளையாட்டு. "பப்ளிக் முடியட்டும், அப்புறம் ஆடலாம்" என்று ஒரு வருடம் முழுக்க நிறுத்தினால் உடம்பு விட்டுப்போகும், திரும்ப வருகிற பிள்ளைகள் குறைவு. பேசி வைத்துக்கொண்டால் நடுவழி உண்டு: டிசம்பர் வரை முழு பிராக்டிஸ், அரையாண்டுக்குப் பிறகு வாரம் இரண்டு மூன்று நாள் லேசாக. மேட்சுக்குப் போன நாள் லீவு என்று எழுதாமல் ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டார்களா என்றும், விட்டுப்போன பாடத்தை யார் நோட்டிலிருந்து எழுதுவது என்றும் கிளாஸ் டீச்சரிடம் பேசுங்கள். இந்தக் கூட்டணியில் கிளாஸ் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் பி.டி. மாஸ்டர் தனியாகத் திட்டு வாங்குவார்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றியும் நேராகப் பேசிவிடலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநிலம் முழுக்க எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று பார்த்தால் அது எவ்வளவு குறுகிய வாசல் என்பது புரியும். சீட்டுக்காகவே பிள்ளையைக் கிரவுண்டுக்குத் தள்ளினால் ஒவ்வொரு தோல்வியும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். கோச்சும் "கண்டிப்பா கோட்டாவில் வாங்கிடலாம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. வயதைக் குறைத்து சர்ட்டிபிகேட் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கிரிக்கெட்டில் வயதை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தே பார்க்கிறார்கள்.

பெண் பிள்ளைகள்

வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுவது இன்னும் நடக்கிறது. ஏழாம் வகுப்பில் மாவட்டத்தில் முதல் வந்த பெண் ஒன்பதாம் வகுப்பில் கிரவுண்ட் பக்கமே இல்லை. வீட்டில் கேட்டால் ஷார்ட்ஸ், வெயில், கறுத்துவிடுவாள், ராத்திரிப் பயணம், ஆம்பிளை மாஸ்டர் என்று வரிசையாகச் சொல்வார்கள். இதில் பாதி சரிசெய்யக் கூடியது. முழங்காலுக்குக் கீழே வரும் டைட்ஸ் போட்டு ஆடலாம். வெளியூருக்கு ஓர் ஆசிரியை கட்டாயம் வர வேண்டும் என்று கேட்கலாம், ஓர் அம்மாவும் கூட வரட்டும். கோச் ஆணாக இருந்தால் மாதவிடாய் பற்றி நேராகக் கேட்பது இரு பக்கமும் சங்கடம், அதற்கு ஓர் ஆசிரியையைப் பொறுப்பாக வைத்து, "இன்னிக்கு முடியலை" என்று சொன்னால் காரணம் கேட்காமல் விடும் வழக்கம் இருந்தால் போதும். அம்மாக்களுக்கு ஒன்று: கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு வந்துகொண்டிருந்த மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் சாப்பாடு பற்றாததுதான் காரணமாக இருக்கும்.

வீட்டுக்கு நேரில் போய் அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசி ஒரு பெண்ணைத் திரும்பக் கூட்டிவந்த மாஸ்டர்களை எனக்குத் தெரியும். "நான் பொறுப்பு" என்று வாயால் சொன்னது மட்டும் போதவில்லை அவர்களுக்கு. எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த வண்டி, யார் கூட வருவார், எங்கே தங்கும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த வீடுகள் சம்மதித்தன.

அடி, திட்டு, அதைவிட மோசமானவை

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் சொல்லாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அது சட்டப்படி ஆகிவிடாது. அடி வாங்கி ஆடும் பிள்ளை தப்பு செய்யப் பயந்து ஆடும், பயந்தவன் கைக்குப் பந்து வந்தால் என்ன ஆகும் என்று கோச்சுக்குத் தெரியும். கண்டிப்பு வேண்டும், லேட்டாக வந்தால் அன்றைக்கு ஓரமாக உட்கார வைக்கலாம். அதற்குக் குச்சி தேவையில்லை.

மற்றதையும் மறைக்காமல் பேசுவோம். தனி அறையில் மசாஜ், ராத்திரி தனியாக வாட்ஸ்அப் மெசேஜ், "வீட்டில் சொல்லாதே" என்று சொல்லிக் கொடுக்கும் பரிசு, இதில் எதுவும் பயிற்சியில் சேராது. எல்லாச் செய்தியும் பெற்றோர் இருக்கும் குரூப்பில் மட்டும் வரட்டும். இந்த விதி நல்ல கோச்சுக்கும் பாதுகாப்பு, வீண் பேச்சு அவர் பக்கம் வராது. சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது குற்றம், "பள்ளி பேர் கெட்டுடும்" என்று தலைமை ஆசிரியர் சொன்னாலும் சரி.

பிள்ளைக்கு நேராக

உன் பையை நீயே எடுத்து வை. பிராக்டிஸுக்கு வர முடியாது என்றால் அம்மாவை விட்டுச் சொல்லாதே, நீயே முந்தின நாள் சொல். மாஸ்டர் திட்டியதை வீட்டில் சொல்லும்போது எதற்குத் திட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல். "அப்பா உங்களைப் பத்தி இப்படிச் சொன்னாரு சார்" என்று அங்கேயும் இங்கேயும் தூது போகாதே, பெரியவர்கள் யாராவது உன்னைத் தூது அனுப்பினால் "நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிடு, அது மரியாதைக் குறைவு இல்லை. வலித்தால் சொல். பிடிக்காமல் போனாலும் சொல்.

பிப்ரவரியில்

சீசன் முடிந்ததும் முதல் கேள்வி பிள்ளைக்கு: அடுத்த வருடமும் ஆடணுமா, இதே கேமா? பதில் வரும் வரை மாஸ்டரிடமோ அகாடமியிலோ எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்தது பேப்பர் வேலை. கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் சர்ட்டிபிகேட்டும் கைக்கு வந்ததா, இனிஷியல், பெயர் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். தேசியப் பள்ளிப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியிருந்தால் மத்திய அரசு வேலைக்கான ஒதுக்கீட்டுக்குப் படிவம் 4 தனியாக வாங்க வேண்டும், அதற்கு எங்கே போவது என்று காட்டித்தர பி.டி. மாஸ்டர் வேண்டும். லேமினேட் செய்யாதீர்கள், ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இதையெல்லாம் கோடை லீவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு வந்து மாஸ்டர் மாறுதலில் போய்விட்டால், ஒரு கையெழுத்துக்காக அவரைத் தேடி அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.